மோகனையரின் லாண்டு

யாங்கோனில் பிறந்து, யாங்கோனில் வளர்ந்து, நாற்பத்தேழு வயது வரை மீனை நாக்கில் வைக்காமல் ஒருவர் வாழ முடியுமா? முடியும் என்று கார்த்திகேசன் வாழ்ந்து காட்டியிருக்கிறார். கியாக்டடாவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். காற்றிலேயே கருவாடு கலந்திருக்கும் ஊர் இது. மூச்சு விடுவதே இங்கே அரை அசைவம். அப்படிப்பட்ட ஊரில் மனிதர் கத்தரிக்காயும் உருளைக்கிழங்குமாக அரை நூற்றாண்டை நெருங்கிவிட்டார்.

காரணம், அவருடைய கொள்ளுத்தாத்தா ஓர் ஐயர்.

தாத்தா இராமையாவின் தகப்பனார் மோகனையர், நூறு வருஷங்களுக்கு முன்னால் கப்பலேறி வந்து, ரயில்வேயில் வேலை பார்த்து, மூட்டை தூக்குகிறவர் மகளான பவுனம்மாளைக் கட்டிக்கொண்டவர். கணக்குப் போட்டால் கார்த்திகேசனின் உடம்பில் எட்டில் ஒரு பங்குதான் ஐயர். மீதி ஏழு பங்கும் நெத்திலி தின்ற ராமநாதபுரம். ஆனால் வீட்டில் சமையலறைச் சாவி அந்த ஒரு பங்கின் இடுப்பில்தான் இருந்தது.

அந்த இடுப்பு அக்கா சத்யபாமாவுடையது. ஐம்பத்தெட்டு வயது. அரசுப் பள்ளியில் இங்கிலீஷும் பூகோளமும் நடத்தி ஓய்வு பெற்றவர். தெருவில் பர்மியர், தமிழர் எல்லாருக்கும் அவர் ‘சயாமா’, அதாவது டீச்சரம்மா. கல்யாணம் ஆகவில்லை. ஒரு காலத்தில் வரன்கள் வந்தன. துறைமுகத்துக் கிளார்க் வந்தார், நகரசபைக் குழாய் மேஸ்திரி வந்தார். எல்லாரும் ஏழு பங்குக்குப் பொருத்தமாக இருந்தார்கள், அந்த ஒரு பங்குக்குப் பொருந்தவில்லை. அப்பா சபாபதி காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அப்பா போன பிறகு வரன்கள் தாமாகவே வழி மறந்துவிட்டன.

மோகனையர் ஐயர்தான் என்பதற்கு அந்த வீட்டில் ஆதாரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆள் செக்கச் செவேல் என்று இருப்பாராம். தலைமுடி மருதாணிச் சிவப்பு. தலைக்கு மருதாணி பூசுகிற ஆசாரம் எந்த ஊரில் உண்டு என்று யாரும் கேட்கவில்லை. சட்டைக்குள் கழுத்தைச் சுற்றி ஒரு நூல் எப்போதும் கிடக்கும். குளித்துவிட்டு வந்தால் தெருவே கேட்கும்படி, யாருக்கும் புரியாத பாஷையில் ராகம் போட்டு ஓதுவாராம். உருளைக்கிழங்கு இல்லாமல் இலையில் உட்கார மாட்டார். வெள்ளிக்கிழமை இறைச்சி என்ற பேச்சே கூடாது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கடைசியில் ஒருநாள் காசிக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. அடுத்த வருஷமே பவுனம்மாளும் போய்விட, மூன்று வயது இராமையாவை ஒரு சித்தி வளர்த்தார். இந்தக் கதைகளெல்லாம் அந்தச் சித்தி சொன்னவை.

சித்தி சொன்னதில் முக்கியமானது நிலம். சாயங்காலமானால் மோகனையர் வாசலில் உட்கார்ந்து, “ஐயர்லாண்டு, ஐயர்லாண்டு” என்று பெருமூச்சு விடுவாராம். சில நாள் கண்ணீரே வந்துவிடுமாம். ஆக, ஊரில் ஐயருக்கு லாண்டு இருந்திருக்கிறது. பங்காளிகள் பிடுங்கிக்கொண்டார்கள். ஐயருக்கு நிலம் என்றால் அது தஞ்சாவூரில்தான் இருக்க வேண்டும் என்று சபாபதி முடிவு கட்டி, அங்கே ஓர் அரசு அலுவலகத்துக்குக் கடிதமே போட்டார். சர்வே எண்ணைத் தெரிவிக்கவும் என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை கார்த்திகேசன் பிற்காலத்தில் லாமினேட் செய்து கொடுத்தார்.

பூஜை அலமாரியில் மோகனையரின் படமும் உண்டு. கோட்டும் தலையில் ஏதோ ஒன்றுமாக அவர் நிற்க, பக்கத்தில் பவுனம்மாள் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார். நூறு வருஷத்துச் சந்தனமும் விபூதியும் அப்பியதில் முகம் தெரியாது. கையில் மட்டும் வளைந்த காம்போடு சின்னதாக ஒன்று தெரியும். சந்தியாவந்தனத்து உத்தரணிக் கரண்டி என்பது குடும்பத்தின் தீர்ப்பு.

இப்படிப்பட்ட வீட்டுக் கார்த்திகேசனின் வாழ்வில் மஞ்சுளா வந்தது லாமினேஷனால்தான். க்யிம்யிண்டைங்கில் படகுத்துறைக்குப் போகிற வழியில், சந்தை வாசலில் மொகிங்காக் கடை போட்டிருப்பவர் அவர். கெளுத்தி மீனை வேகவைத்து, மசித்து, எலுமிச்சம்புல்லும் வாழைத்தண்டும் போட்டுக் கொதித்த குழம்பை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றினால் அது மொகிங்கா. ஊரே காலையில் அதில்தான் கண் விழிக்கிறது. கணவர் இறந்து ஆறு வருஷம். வயது நாற்பத்து மூன்று. கடை அனுமதிச் சீட்டை லாமினேட் செய்ய வந்தவர், மின்சாரம் போய்விட்டதால் இரண்டு மணி நேரம் அந்த மாடிப்படிக்கு அடியில் உட்கார நேர்ந்தது. மின்சாரம் வந்தபோது கார்த்திகேசனுக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவர் தினமும் காலையில் க்யிம்யிண்டைங் போனார். குழம்பில்லாமல் வெறும் நூடுல்ஸ், மேலே சுரைக்காய் வறுவல், பருப்பு வடை. தொண்டையில் இறங்காது. ஆனாலும் ஒரு வருஷம் சாப்பிட்டார். காதல் என்றால் சிலர் கவிதை எழுதுவார்கள், இவர் விக்கல் எடுத்தார்.

“கோ கார்த்தி,” என்பார் மஞ்சுளா, மரியாதைக்குப் பர்மிய ‘கோ’வும் கேலிக்குத் தமிழுமாக. “ஒன்னோட ஐயரு மேல ஒக்காந்து எட்டிப் பாத்துக்கிட்டா இருக்காரு? ஒரு கரண்டி ஊத்துறேன். அவரக் கொஞ்சம் கண்ண மூடிக்கச் சொல்லு.”

கார்த்திகேசன் விக்கிக்கொண்டே சிரிப்பார்.

சிரிப்பு போன ஆவணியில் நின்றது. மொல்மேனில் இருக்கும் மஞ்சுளாவின் அண்ணன் உதயசூரியன், அங்கே சாப்பாட்டுக் கடை திறக்கிறேன், வந்து அடுப்பைப் பார்த்துக்கொள் என்று கூப்பிட்டுவிட்டார். தீபாவளி கழிந்ததும் கிளம்ப வேண்டும். கார்த்திகேசன் பதறிப்போய், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டார். மஞ்சுளா கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஒங்க அக்கா வந்து கேக்கட்டும், இருக்கேன். நீ கேட்டு என்னா புண்ணியம்? நீ தெனமும்தான் வந்து எதாச்சும் கேக்குற. நாளைக்கி அந்த வீட்டுல நான் கை வச்ச பாத்தரத்தக் கழுவிக் கழுவி ஊத்துவாங்கன்னா, எனக்கு மொல்மேனே போதும்.”

கார்த்திகேசன் அக்காவிடம் சொன்னார். சத்யபாமா கேட்டு முடித்து, “ஐயரு வீட்டு அடுப்புல மீன் சட்டியா?” என்றார். அப்புறம் எழுந்து போய், எதையும் தொடாத கையைக் கழுவிக்கொண்டார்.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது.

இந்த இடத்தில்தான் ஷாஹுல் வருகிறார். நான்கு கடை தள்ளி ட்ராவல் ஏஜென்சி நடத்துகிறவர். ட்ராவல் நின்றுபோய், ஏஜென்சி மட்டும் மிச்சமிருந்தது. உயிரோடிருக்கும் வெள்ளைக்காரர்கள் இந்த ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டதும், ஷாஹுல் செத்துப்போன வெள்ளைக்காரர்கள் பக்கம் திரும்பினார். என் பாட்டனார் ரங்கூனில் என்ன ஆனார் என்று தெரிய வேண்டும் என்று உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு விசா வேண்டாம், ஓட்டல் வேண்டாம், வயிற்றுப்போக்கு வராது. ஷாஹுல் கண்டுபிடித்த மிகச் சிறந்த சுற்றுலாப் பயணிகள் இவர்கள்தான். பழைய பதிவேட்டுக் கையெழுத்தைப் படிக்கிற கண் கார்த்திகேசனுக்கு உண்டு என்பதால், தேடிப் படியெடுத்து வரும் வேலை அவருடையது.

அப்படி வந்த ஒரு மின்னஞ்சலில் ‘ஊனா மாஹன்’ என்று கையெழுத்து இருந்தது. இங்கே பெரியவர்களின் பெயருக்கு முன்னால் ‘ஊ’ போடுவது வழக்கம். ஷாஹுல் இதை ‘ஊ நா’ என்று பிரித்துப் படித்து, யாரோ நா என்கிற பர்மியப் பெரியவர், வெளிநாட்டில் குடியேறியவர் என்று முடிவு செய்துவிட்டார். மூன்று கடிதங்களுக்கு, “மதிப்பிற்குரிய பெரியவர் நா அவர்களுக்கு, தங்கள் மனைவி மக்கள் நலமா?” என்றே பதில் போனது. நான்காவது கடிதத்தில் அந்தப் பக்கத்திலிருந்து பணிவாகத் தகவல் வந்தது: ஊனா என்பது முழுப் பெயர், தான் ஒரு பெண், வயது அறுபத்தொன்று, மனைவி இல்லை, கணவரும் இல்லை, வசிப்பது அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில்.

ஊனாவுக்குத் தெரிய வேண்டியது இது. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி தாமஸ், 1911இல் பர்மா ரயில்வேக்கு ஃபிட்டராகக் கப்பலேறினார். 1921இல் ஒரு படம் அனுப்பினார். 1923இல் கடிதம் நின்றுவிட்டது. என்ன ஆனார்? கடைசியில் பக்கத்தில் யாராவது இருந்தார்களா, அனாதையாகப் போனாரா?

கார்த்திகேசன் ஒரு பழைய தேவாலயத்துக்குப் போனார். பதிவேட்டுக் காப்பாளர் இரும்பு அலமாரியைத் திறந்து, கரையான் மிச்சம் வைத்த பகுதியைக் கொடுத்தார். 1921, ஞானஸ்நானப் பதிவு. குழந்தையின் பெயர் ரேமண்ட். தகப்பன், தாமஸ் மாஹன், ரயில்வே ஃபிட்டர். தாய், பவுனம்மாள்.

பவுனம்மாள் என்ற பெயர் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனார். தகப்பனின் இனம் என்ற கட்டத்தில், சாய்ந்த எழுத்தில், ‘ஐரிஷ்’ என்று இருந்தது.

ஐரிஷ். மாஹன் ஐரிஷ். மாஹன், ஐரிசு. மோகன், ஐயரு.

வாய்விட்டு ஒருதரம் சொல்லிப் பார்த்தார். காப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். ரேமண்ட் என்பதையும் சொல்லிப் பார்த்தார். ரேமண்டு, ராமய்யா. அப்புறம் அவர் பக்கத்தைத் திருப்பிய வேகத்தில் கரையானுக்கு மிச்சமிருந்ததும் போயிருக்கும். 1923, அடக்கப் பதிவு: தாமஸ் மாஹன், விஷக் காய்ச்சல், வடக்கே கத்தா ரயில் பாதையில் வேலை செய்தபோது. உடன் இருந்தவர், மனைவி.

கத்தாவுக்குப் போனவரைக் காசிக்கு அனுப்பிவிட்டார் சித்தி.

கார்த்திகேசன் சிரிக்க ஆரம்பித்தார். தேவாலயத்தில் சிரிக்கக் கூடாது என்பதால் வாயைப் பொத்த, சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. கழுத்து நூல், மாதா படம் கோத்த கயிறு. குளித்துவிட்டு ஓதிய வேதம், எந்த சாராயக்கடைப் பாட்டோ ஆண்டவனுக்கே வெளிச்சம். உருளைக்கிழங்கு, அதுதான் அந்த ஊரின் சோறு. மருதாணி, பிறவி முடி. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டது நிலத்தை நினைத்து அல்ல, ஐயர்லாண்டை நினைத்துத்தான், அப்படியே. காப்பாளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஷாஹுலிடம் ஓடினார். ஊனா அனுப்பியிருந்த படத்தைத் திறக்கச் சொன்னார். அதே கோட்டு, அதே பவுனம்மாள், அதே குழந்தை. விபூதி மட்டும் இல்லை. தலையில் தொப்பி, முகம் நிறையச் சிரிப்பு, கையில் புகைக்குழாய்.

ஷாஹுல் படத்தையும் நண்பரையும் மாறி மாறிப் பார்த்தார். “நூறு வருஷமா ஒரு சுருட்டுக் குழாயக் கும்பிட்டுருக்கீங்கடா,” என்றார். “மாப்ள, இனிமே என்னா, போயி மீன் தின்னு.”

அப்படித்தான் கார்த்திகேசனும் நினைத்தார். ஐயர் போனால் தடை போயிற்று. வீட்டுக்குப் போய், பதிவேட்டின் படியையும் படத்தையும் அக்கா முன்னால் வைத்தார். சத்யபாமா இங்கிலீஷ் டீச்சர். யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலையில் பூஜை அலமாரிப் படத்தின் விபூதி துடைக்கப்பட்டிருந்தது. சாப்பாட்டு மேசைக்கு விரிப்பு வந்திருந்தது. தேநீர், தட்டோடு வந்தது.

“யோசிச்சுப் பாத்தேன்,” என்றார் சத்யபாமா. “ஐயரா இருந்தாக்கூட ஏதாச்சும் பரிகாரம் பண்ணிச் சமாளிக்கலாம். இது தொரை வம்சம். தொரை வீட்டுக்கு மொகிங்காக்காரியா?”

கார்த்திகேசன் சாய்ந்துவிட்டார். வம்சம் என்பது என்ன பிடிவாதமான சரக்கு பாருங்கள். ஐயரைப் பிடுங்கினால் அந்தக் குழியிலேயே துரை முளைக்கிறார். ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்களிடமும் அடுத்த மாடிக்காரர்களிடமும் சத்யபாமா வெயில் தாங்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். ஐம்பத்தெட்டு வருஷமாகத் தாங்கிய வெயில். மீன் மட்டும் வீட்டுக்குள் வரவில்லை. துரைகள் எதைச் சாப்பிடுவார்கள் என்பது உறுதியாகும் வரை உருளைக்கிழங்கே தொடரட்டும் என்பது உத்தரவு.

தீபாவளிக்கு இரண்டு வாரம். மஞ்சுளா பெரிய அண்டாவை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது.

இதற்கிடையில் சத்யபாமா ஊனாவுக்குத் தன் கையாலேயே ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தாமஸ் மாஹன் அனாதையாகப் போகவில்லை, மனைவி கூட இருந்தார், மகன் இருந்தான், அவர் படத்துக்கு இந்த வீட்டில் ஒருநாள் தவறாமல் பூ வைக்கப்பட்டிருக்கிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, முடிவில் முக்கியமான கேள்வியைக் கேட்டார்: நம் குடும்பத்துக்கு அங்கே நிலம் எவ்வளவு?

கார்த்திகேசன் அதைத் தட்டச்சு செய்து அனுப்பினார். நிலம் ஏதாவது இருந்து தொலைத்தால் தன் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரியும். இணையம் மூன்று நாள் அறுந்தது. நான்காம் நாள் பதில் வந்தது. படிக்கத் தைரியம் இல்லாமல் அப்படியே அச்செடுத்தார். நடுவில் ஒரு பக்கத்தை மறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார், எந்தப் பக்கம் என்று தெரியாததால் விட்டுவிட்டார்.

சத்யபாமா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பூ வைத்த செய்தியைப் படித்துவிட்டு ஊனா சமையலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். எங்கள் வீட்டில் அவர் படம் பிஸ்கட் டப்பாவில் கிடந்தது, உங்கள் வீட்டில் தெய்வமாக இருந்திருக்கிறார் என்று எழுதியிருந்தார். அப்புறம் நிலம். நிலம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தாமஸின் தாயார் தலையில் கூடை சுமந்து வீடு வீடாக மீன் விற்றவர். அந்த ஊரில் வெள்ளிக்கிழமை யாரும் இறைச்சி தொட மாட்டார்கள், அன்று எல்லார் வீட்டிலும் மீன், அதனால் வெள்ளிக்கிழமைதான் மாஹன் குடும்பத்துக்குச் சோறு. ஊனாவும் வாரத்தில் இரண்டு நாள் மீன் வண்டி ஓட்டுகிறார். கூடவே ஒரு படம்: ரப்பர் ஏப்ரன், முழங்கை வரை செதில், இரண்டு கையிலும் ஏந்திய பெரிய மீன். சத்யபாமாவின் அதே தாடை.

கடைசிப் பத்தியைச் சத்யபாமா இரண்டு முறை படித்தார். எனக்கும் கல்யாணம் ஆகவில்லை என்று எழுதியிருந்தார் ஊனா. என்னைக் கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். மாஹன் வீட்டுப் பெண்ணுக்கு ஈடான ஆள் இந்த ஊரில் இல்லை என்று அம்மா சொல்லிவிட்டார். மீன்கூடைக்காரர்களுக்கு அவ்வளவு பெருமை. நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சில நாள் வருவதில்லை. உங்கள் பக்கத்தில் யாராவது மீன் தொழிலில் இருக்கிறார்களா?

சத்யபாமா கண்ணாடியைக் கழற்றினார். அந்தத் துறைமுகத்துக் கிளார்க்கின் பெயர் என்ன என்று தம்பியிடம் கேட்டார். தம்பிக்குத் தெரியவில்லை. “மாசிலாமணி,” என்று அவரே சொன்னார். அப்புறம் எழுந்து புடவை மாற்றிக்கொண்டு, “அந்தக் கட எத்தன மணி வரைக்கும்?” என்றார்.

இருவரும் ஒரே சைக்கிள் ரிக்‌ஷாவில் க்யிம்யிண்டைங் போனார்கள். சந்தை வாசலில் சயாமாவைப் பார்த்ததும் மஞ்சுளா எழுந்து நின்றார். எழுந்துவிட்டதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டு மறுபடி உட்கார்ந்தார். சத்யபாமா முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலியில், துரைத்தனம் எல்லாம் மடங்கும்படி உட்கார்ந்தார்.

“எந்தம்பிக்கு ஒன்னக் கேட்டு வந்துருக்கேன்.”

“ஐயரு ஒத்துக்கிட்டாரா, சயாமா?”

“அவரு ஐயரு இல்ல. தொரையும் இல்ல. மீன்காரி மகன்.”

மஞ்சுளா கார்த்திகேசனைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். மஞ்சுளா அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் இரண்டு கிண்ணங்களை எடுத்து, நூடுல்ஸ் போட்டு, வறுவலை நொறுக்கி, குழம்பை விளிம்பு வரை ஊற்றினார். ஒன்றை சயாமா முன்னாலும் ஒன்றை கார்த்திகேசன் முன்னாலும் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

நாற்பத்தேழு வருஷமாகக் காத்திருந்த முதல் கரண்டியை கார்த்திகேசன் வாயில் வைத்தார். கண் விரிந்தது. முகம் ஒரு பக்கம் இழுத்தது. விழுங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அது பாதி வழியில் யோசித்து நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷக் கண்ணீர் என்று பக்கத்து மேசைக்காரர் நினைத்திருக்கலாம். மஞ்சுளா அப்படி நினைக்கவில்லை.

“ஒனக்குப் புடிக்கல.”

“இல்ல… நல்லாத்தான்…”

“கோ கார்த்தி. துப்பிரு.”

துப்பினார். மஞ்சுளா முன்றானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் படகுத்துறையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துத் திரும்பினால், சயாமாவின் கிண்ணம் காலி. சத்யபாமா விளிம்பில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வருஷத்துப் பாக்கியை ஒரே மூச்சில் வசூலிக்கிறவர் போல நெற்றியெல்லாம் வியர்வை.

“இன்னொன்னு போடு,” என்றார், தலை நிமிராமல். “மொளகாத்தூள் தனியா இருக்கா?”

மஞ்சுளா போட்டார். போட்டுக்கொண்டே கார்த்திகேசனைப் பார்த்துச் சொன்னார்: “எனக்கு மாப்பிள்ள சரியா அமையல. நாத்தனா அமஞ்சிருச்சு. மொல்மேனுக்கு ஃபோன் போட்டு வரலன்னு சொல்லிர்றேன்.”

நாள் குறிக்கிற பேச்சு வந்தது. வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தம் இருக்கிறது என்று கார்த்திகேசன் சொன்னார். இரண்டாவது கிண்ணத்திலிருந்து சத்யபாமா கையை உயர்த்தித் தடுத்தார்.

“வெள்ளிக்கெழம வேணாம். வியாபார நாளு. அந்த ஊனாவுக்கும் அன்னிக்கித்தான் வண்டி. புதங்கெழம வையி.”